பழைய காரும் வெள்ளைப்பட்டை ரயரும்

கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டுக்கும் இடையில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்திலே களுதாவளைக் கிராமம் அமைந்திருக்கிறது. சுயம்புலிங்கப் பிள்ளையார் ஆலயத்தாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் பெயர்பெற்ற ஊர் அது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்லும் பெருந்தெரு அவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. தெருவிலிருந்து ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் மணல். வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் சென்றால் வயற்சேறு. இத்தகைய நாட்டிலே வாழ்வோருக்குச் சில்லின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மோட்டார் வண்டி வருவதற்கு முன்னரே சில்லைப் பற்றிய நுண்ணறிவு இந்நாட்டுத் தச்சரிடமும் கொல்லரிடமும் இருந்தது. மாட்டுவண்டிச் சில்லுக்கு நடுவே குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள், ஆரக்கால்களின் முனைகளைச் சேர்த்து வட்டை, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டம். பட்டத்தை நெருப்பிலே காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, நீர் ஊற்றிக் குளிரச் செய்தால் அது சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அச்சும் குடமும் பொருந்துகின்றனவா, பட்டம் இறுகியிருக்கிறதா, ஏற்றப்போகும் பாரத்தைச் சில்லு தாங்குமா என்பவற்றையெல்லாம் பார்த்து முடித்த பின்னரே வண்டிக்கு நிறம் பூசுவார்கள். நிறம் கடைசி வேலை. பழைய மோட்டார் காரை அழகுபடுத்த விரும்புவோருக்கும் இந்த ஒழுங்கே வழிகாட்டியாகும். ஆயினும் இன்று பலர் நிறத்திலே தொடங்கி, பொருத்தத்தைக் கடைசியிற் பார்க்கிறார்கள். அதனால் நேரக்கூடிய தீங்கு சிறிதன்று.

இலங்கையில் பழைய கார்கள் இத்துணை காலம் ஓடிக்கொண்டிருப்பதற்கு அன்பு மாத்திரம் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி முடை ஏற்பட்டபோது அரசாங்கம் கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. 1977 ஆம் ஆண்டிலே பொருளாதாரக் கதவுகள் திறக்கப்படும்வரை, இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர், பேஜோ, வொக்ஸ்வாகன் முதலியன தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் கைமாறின. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய வண்டிகளின் மதிப்பு உயர்ந்தது. இங்கிலாந்திலே பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், அக்காருக்குரிய தகட்டு உறுப்புக்களை இலங்கையிலே செய்விக்கும் முயற்சியில் ஈடுபட்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இங்கிலாந்துக் காரின் உறுப்புக்களை இங்கிலாந்துக்கே அனுப்புமளவுக்கு இந்நாட்டுக் கம்மியரின் கைத்திறன் வளர்ந்திருந்தது.

இவ்வாறு பேணப்பட்ட கார் ஒன்றைக் கலியாண ஊர்வலத்துக்கோ, விழாவுக்கோ, மனமகிழ்ச்சிக்கோ அழகுசெய்ய முற்படுவோர் முதலில் நாடுவது வெள்ளைப்பட்டை ரயரை. கரிய ரயரின் பக்கச்சுவரிலே வெண்ணிற வளையம் ஒன்று சுற்றியிருக்கும். 'வைட்வோல்' என்று கராஜ்களிலே சொல்லப்படுவது இதுவே. அமெரிக்கத் திரைப்படங்களில் வரும் நீண்ட கார்களால் உலகெங்கும் அறிமுகமான இவ்வலங்காரம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தால், அதனை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

இறப்பர் மரத்தின் பால் வெண்மையானது. அப்பாலிலிருந்து பெறும் இறப்பர் இயல்பாகக் கறுப்பன்று. 1839 ஆம் ஆண்டிலே சார்ல்ஸ் குட்இயர், இறப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கும் என்பதைக் கண்டார். காற்றடைத்த ரயருக்கு றொபேட் வில்லியம் தொம்சன் 1845 இல் உரிமை பெற்றார். அது வழக்கிழந்து மறக்கப்பட்ட பின், 1888 இல் பெல்பாஸ்ற் நகரிலே ஜோன் பொய்ட் டன்லொப் தம் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிளுக்காக அதனைப் புதிதாய்க் கண்டுபிடித்தார். 1895 இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் ஓட்டப் போட்டியிலே மிஷெலின் சகோதரர் காற்றடைத்த ரயர் பூட்டிய காரை ஓட்டினர். அக்காலத்து ரயர்கள் வெண்மை அல்லது சாம்பல் நிறமாகவே இருந்தன. இறப்பருக்கு வலுவூட்டச் சேர்த்த நாக ஒட்சைட்டு என்னும் வெண்பொடி அந்நிறத்தைக் கொடுத்தது.

வெள்ளை ரயர் விரைவிலே தேய்ந்தது. 1904 ஆம் ஆண்டளவில், இலண்டனைச் சேர்ந்த சில்வர்ரவுண் தொழிற்சாலையிலே காபன் கறுப்பு எனப்படும் மிக நுண்ணிய கரித்தூளை இறப்பருடன் கலந்து பார்த்தபோது, அதன் உறுதி வியக்கத்தக்க முறையில் உயர்ந்தது. அத்தூளின் நுண்துகள்கள் இறப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலிகளைப் பற்றிப் பிணிக்கின்றன. அதனால் தேய்மானம் குறைகிறது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு இறப்பரை அவை காக்கின்றன. உராய்வினால் எழும் வெப்பத்தைப் பரப்பி வெளியேற்றவும் உதவுகின்றன. 1910க்குப் பின்னர் இம்முறை பரவலாயிற்று. ஆனால் காபன் கறுப்புக்கும் விலை உண்டு. ஆதலால் சில உற்பத்தியாளர், தரையில் உராயும் மேற்பட்டைக்கு மாத்திரம் கறுப்பு இறப்பரைப் பயன்படுத்தி, பக்கச்சுவரை வெண்மையாகவே விட்டனர். வெள்ளைப்பட்டை ரயர் பிறந்த கதை இதுவே. சிக்கனத்துக்காக விடப்பட்ட பகுதி பின்னாளிலே செல்வத்தின் அடையாளமாக மாறியது காலத்தின் விநோதம் எனலாம்.

முழுக்கறுப்பு ரயர் எங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், வெள்ளைப் பட்டை வேண்டுமென்றே இடப்படும் அலங்காரமாயிற்று. 1950களின் முற்பகுதியிலே அமெரிக்கக் கார்களில் மூன்று அங்குலம் வரை அகன்ற பட்டைகளைக் காணலாம். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் பட்டை ஒடுங்கியது. 1960களின் தொடக்கத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைந்தது. ஆதலால் 1950 ஆம் ஆண்டுக் காருக்கு ஒடுங்கிய பட்டையையும், 1965 ஆம் ஆண்டுக் காருக்கு அகன்ற பட்டையையும் பூட்டினால், பழங்கார்களை அறிந்தோர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். பிரித்தானியச் சிறு கார்கள் பெரும்பாலும் கறுப்பு ரயருடனேயே தொழிற்சாலையிலிருந்து வந்தன என்பதும் மறக்கற்பாலதன்று. அவற்றுக்கு வெள்ளைப் பட்டை இடுவது உரியவரின் விருப்பம்.

இவ்வெண்மைக்கும் இலங்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளுள் 1,900க்கு மேற்பட்டவை அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்திலே அவை நடப்பட்டன. 1952 இல் அரிசிக்கு இறப்பர் என்னும் ஒப்பந்தம் சீனாவுடன் செய்யப்பட்டபோது, இந்நாட்டு மக்களின் சோற்றுக்கே இறப்பர் விலையாயிற்று. இலங்கையில் செய்யப்படும் வெளிறிய கிறேப் இறப்பர் உலகப் புகழ்பெற்றது. புகையூட்டிய தாளிறப்பர் பழுப்பு நிறமானது. கிறேப் இறப்பரோ வெளிறியது. ஆகவே வெண்ணிறப் பொருள்கள் செய்வதற்கு ஏற்றது. சோவியத் உதவியுடன் 1960களிலே களனியில் ரயர்த் தொழிற்சாலையும் நிறுவப்பட்டது. இன்று தொழிற்சாலை வண்டிகளுக்குரிய திண்ம ரயர்களை ஏற்றுமதி செய்வதில் இலங்கை முன்னணியில் நிற்கிறது.

வெள்ளைப் பட்டையின் வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. வெண்மை காட்சிக்கு, கருமை உறுதிக்கு. இதனை மனத்திற்கொண்டு, பழைய காருக்குச் சில்லும் ரயரும் தெரிவுசெய்யும் முறையை ஒழுங்காக ஆராய்தல் வேண்டும். களுதாவளைப் பகுதியிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் பழகிப்போன மொறிஸ் மைனரை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் என்னும் பெருமையும் அதற்குண்டு. பதினாறு, பதினேழு அங்குலச் சில்லுகள் வழக்கிலிருந்த காலத்திலே, பதினான்கு அங்குலச் சிறு சில்லுகளை அவர் தெரிந்தெடுத்தார். அவற்றைக் காரின் நான்கு மூலைகளுக்கும் தள்ளி வைத்தார். உள்ளே இடம் பெருகியது. வளைவுகளிலே கார் தரையைப் பற்றிச் சென்றது. ஆகவே சில்லின் அளவு வெறும் தோற்றமன்று. அக்காரின் இயல்பையே அது ஆக்குகிறது. அதனை மாற்றுவோர் வண்டியின் இயல்பையும் மாற்றுகிறார்கள்.

முதலாவதாகப் பார்க்கவேண்டியது சில்லு ஆணிகளின் வட்டம். சில்லைக் குடத்துடன் பிணைக்கும் ஆணிகள் ஒரு வட்டத்தின்மேல் அமைந்துள்ளன. மொறிஸ் மைனருக்கு நான்கு ஆணிகள். அவற்றின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அஃதாவது 101.6 மில்லிமீற்றர். ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றுக்கும் நான்கு ஆணிகளே. ஆனால் அவ்வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். வேறுபாடு 1.6 மில்லிமீற்றர் மாத்திரமே. கண்ணாற் பார்த்து இதனை அறிதல் அரிது. ஆணிகளில் மாட்டி நட்டுக்களை இறுக்கினால் சில்லு ஏறிவிடும். ஏறியதைக் கண்டவர் பொருந்திவிட்டது என்று எண்ணிக்கொள்வார்.

ஆனால் அது பொருத்தமன்று. ஒவ்வோர் ஆணியும் தனக்குரிய துளையின் மையத்திலிருந்து 0.8 மில்லிமீற்றர் விலகி நிற்கிறது. நட்டின் கூம்பிய முகம் துளையிலே முழுமையாக அமராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொடுகிறது. இறுக்கும்போது ஆணி வளைகிறது. சில்லு சுழலுந்தோறும் அவ்வளைவு முன்னும் பின்னும் அசைகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் எவ்வாறு முறியுமோ, அவ்வாறே அந்த ஆணியும் ஒருநாள் முறியும். அல்லது நட்டுத் தானே தளரும். ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து சில்லு கழன்றால் உள்ளிருப்போருக்கு மாத்திரமன்றித் தெருவோரத்திலே நடந்து செல்வோருக்கும் ஆபத்து. பெரிய அமெரிக்கக் கார்களிலும் இப்பொறி உண்டு. செவ்றோலேயின் ஐந்தாணி வட்டம் 4¾ அங்குலம், அஃதாவது 120.65 மில்லிமீற்றர், ஜெர்மனிய பி.எம்.டபிள்யூ. காரினது 120 மில்லிமீற்றர். வொக்ஸ்வாகன் வண்டுக்காரிலே தொடக்கத்தில் 205 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து ஆணிகள் இருந்தன. 1960களின் பிற்பகுதியிலிருந்து 130 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு ஆணிகள் வந்தன. ஒரே பெயருடைய காராயினும் ஆண்டை அறியாமல் சில்லு வாங்குதல் தகாது.

இரண்டாவது, ஆணியின் நீளமும் நட்டின் வகையும். இரும்புத் தகட்டுச் சில்லு மெல்லியது. அலுமினியக் கலப்பாலான அலோய் சில்லு தடித்தது. தடித்த சில்லைப் பழைய குறுகிய ஆணியிலே பூட்டினால், நட்டுக்குப் பிடிக்கச் சில சுற்றுக்களே எஞ்சும். ஆணி எவ்வளவு பருமனோ, அவ்வளவு ஆழத்துக்கேனும் நட்டு ஏறியிருத்தல் வேண்டும். இரும்புச் சில்லுக்குரிய நட்டும் அலோய் சில்லுக்குரிய நட்டும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் கவனித்தல் வேண்டும்.

மூன்றாவது, சில்லின் அகலமும் அது உள்ளே எவ்வளவு தள்ளி அமர்கிறது என்பதும். வெளியே துருத்தி நிற்கும் அகன்ற சில்லு கம்பீரமாகத் தோன்றலாம். பள்ளத்தில் இறங்கும்போதும் முழுமையாகத் திருப்பும்போதும் ரயர் மட்கார்டில் உராய்ந்தால், பக்கச்சுவர் வெட்டுப்படும். பாரம் அச்சிலிருந்து விலகுவதால் குடத்தினுள் இருக்கும் போரிங் விரைவிலே தேயும். ஸ்ரியறிங்கும் கனக்கும்.

நான்காவது, ரயரின் அளவு. பழைய மொறிஸ் மைனரின் ரயரிலே 5.00–14 என்றோ 5.20–14 என்றோ பொறித்திருக்கும். முதல் எண் ரயரின் பருமன் அங்குலத்தில். இரண்டாவது எண் அது அமரும் றிம்மின் விட்டம். இத்தகைய பழைய ரயரின் உயரம் ஏறக்குறைய அதன் பருமனுக்குச் சமம். ஆகவே 14 அங்குலத்துடன் மேலும் கீழும் ஐந்து ஐந்தாகப் பத்து அங்குலம் சேர்த்தால், முழு விட்டம் ஏறத்தாழ 24 அங்குலம். இக்கால ரயரிலோ 155/70R13 என்பது போன்ற குறி இருக்கும். 155 என்பது பருமன் மில்லிமீற்றரில். 70 என்பது அப்பருமனில் நூற்றுக்கு எழுபது பங்கு உயரம் என்பதைக் குறிக்கும். 13 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில். 155இல் நூற்றுக்கு எழுபது 108.5 மில்லிமீற்றர், அது 4¼ அங்குலத்துக்குச் சற்று மேல். 13 உடன் இருமடங்கு 4¼ சேர்த்தால் ஏறத்தாழ 21½ அங்குலம்.

24 அங்குலச் சில்லுக்குப் பதிலாக 21½ அங்குலச் சில்லைப் பூட்டினால் என்ன நேரும்? ஒரு சுற்றுக்கு வண்டி செல்லும் தூரம் குறையும். வேகமானி சில்லின் சுற்றுக்களையே எண்ணுவதால், மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது 100 என்று காட்டும். எஞ்சின் கூடுதலாகச் சுழன்று உழைக்கும். காரின் அடிப்பகுதி ஒன்றேகால் அங்குலம் தரைக்கு அண்மித்துவிடும். மழைக்காலத்திலே பள்ளம் நிறைந்த ஒழுங்கைக்கு அது நன்றன்று. இதற்கு மாறாகப் பெரிய ரயரைப் பூட்டினால் வேகமானி உண்மையிலும் குறைவாகக் காட்டும். அது இன்னும் தீது. ஓட்டுபவர் தாம் மெதுவாகச் செல்வதாக எண்ணி விரைந்துகொண்டிருப்பார். 155R14 என்னும் ரயரின் விட்டம் 24 அங்குலத்தை ஒட்டியது. ஆகவே பழைய மைனரின் இரும்புச் சில்லுக்கு அது இசைவானது.

இவ்விடத்திலே அழகைப் பற்றியும் ஒரு கணக்கு எழுகிறது. 24 அங்குல ரயரின் பக்கச்சுவர் ஐந்து அங்குல உயரமுடையது. அதிலே வெள்ளைப் பட்டை அமைவதற்கு இடமுண்டு. உயரம் குறைந்த இக்கால ரயரிலே அந்த இடமில்லை. பெரிய அலோய் சில்லையும் ஒடுங்கிய ரயரையும் பூட்டிவிட்டு, அகன்ற வெள்ளைப் பட்டையையும் விரும்புதல் நடவாத காரியம். மைனர் போன்ற சிறிய உடலுடைய காருக்கு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை அகன்ற பட்டையே அடக்கமாக அமையும். மூன்று அங்குலப் பட்டை பருத்த உடலுடைய பெரிய காருக்கே பொருந்தும். காரின் நிறமோ பாலாடை நிறமோ பூசிய இரும்புச் சில்லு, அதன் நடுவிலே மினுங்கும் பழைய வீல் கப், சுற்றிலும் அளவான வெண்பட்டை: இவை சேர்ந்தால் வேறு அணி வேண்டுவதில்லை.

ஐந்தாவது, ரயரின் உட்கட்டமைப்பு. பழைய ரயரின் உள்ளே நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடக்கும். 1940களின் இறுதியிலே மிஷெலின் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆரை ரயரில், நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் செல்லும். மேற்பட்டையின் அடியில் உருக்குக் கம்பி வார் இருக்கும். 'றேடியல்' என்பது இதுவே. இரண்டும் தரையைப் பற்றும் முறை வேறு. ஆகவே ஓர் அச்சிலே இரு வகையையும் கலத்தல் ஆகாது. முன்னே ஆரை ரயரையும் பின்னே பழைய வகையையும் பூட்டுதல் மிகக் கொடிது. வளைவிலே காரின் பின்புறம் வழுக்கிச் சுழலும். நான்கும் ஒரே வகையாயிருப்பதே சிறப்பு. மேலும் பழைய றிம்மிலே, ரியூப் இல்லாத ரயரின் விளிம்பைப் பிடித்துவைக்கும் மேடு பெரும்பாலும் இராது. கம்பி ஆரங்கள் கொண்ட சில்லிலோ ஆரத் துளைகள் வழியே காற்றுக் கசியும். அத்தகைய சில்லுகளுக்கு ரியூப் இன்றியமையாதது.

இத்தனையும் பொருந்திய பின்னரே வெண்மையைப் பற்றிச் சிந்திக்கலாம். வெள்ளைப் பட்டை பெற மூன்று வழிகள் உள. முதல் வழி, தொழிற்சாலையிலேயே அவ்வாறு செய்யப்பட்ட ரயர். பக்கச்சுவரினுள் வெள்ளை இறப்பர் அடுக்கு ஒன்றை வைத்து, அதன்மேல் மெல்லிய கறுப்பு உறை போர்த்தி வார்ப்பார்கள். பின்னர் அவ்வுறையைத் தேய்த்து நீக்கினால் உள்ளேயிருக்கும் வெண்மை வெளிப்படும். விற்பனைக்கு வரும்போது அழுக்குப் படாதிருக்க நீலப் பூச்சு ஒன்று இருக்கும்; நீர்விட்டுக் கழுவினால் அது போய்விடும். இதுவே உறுதியானது, விலையும் கூடியது.

இரண்டாவது, ரயருக்கும் றிம்முக்கும் இடையே செருகப்படும் தனி இறப்பர் வளையம். விலை குறைவு என்பதால் பலர் இதனை விரும்புவர். வேகமாக ஓடும்போது அவ்வளையம் காற்றிலே படபடக்கும். அதற்கும் பக்கச்சுவருக்கும் இடையே மணல் புகுந்து, ஓட்டத்திலே உரைதாள் போல ரயரைத் தேய்க்கும். ஆரை ரயரின் பக்கச்சுவர் மிகுதியாக நெளிவதால் அதற்கு வரும் கேடும் மிகுதி. மணல் நிறைந்த கரையோரத்துக்கு இவ்வளையம் ஏற்றதன்று. நிறுத்திவைக்கும் காட்சிக்கு மாத்திரம் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, பூச்சு. இறப்பருடன் சேர்ந்து நெளியக்கூடிய தனிப் பூச்சுக்கள் உள. மரத்துக்கும் இரும்புக்கும் பூசும் சாதாரண எனாமல் பூச்சு இறுகி வெடித்துவிடும்; அதிலுள்ள கரைப்பான்கள் இறப்பரையும் தாக்கக்கூடும். கறுப்பு ரயரிலே வெடிப்பைத் தடுப்பதற்காகச் சேர்த்த மருந்துகள் காலப்போக்கில் மேலே கசிந்து, பூசிய வெண்மையைப் பழுப்பாக்கும். ஆகவே பூச்சு சிலநாள் அழகே.

வெண்மை நன்கு அமைந்துவிட்டால் ரயர் புதியது என்னும் மயக்கம் உண்டாகும். பழங்கார்களின் பெரிய ஆபத்து இதுவே. விழாவுக்கும் ஊர்வலத்துக்கும் மாத்திரம் வெளியே வரும் காரின் ரயர் தேய்வதில்லை. அதன் பொறிப்புக்கள் ஆழமாகவே இருக்கும். ஆயினும் ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் அதனை நாள்தோறும் தாக்குகின்றன. இறப்பர் விறைத்து, நுண்ணிய வெடிப்புக்கள் தோன்றி, உள்ளேயுள்ள அடுக்குகளின் பிணைப்புத் தளர்கிறது. பூச்சும் வளையமும் அவ்வெடிப்புக்களை மறைத்துவிடும். மணமக்களையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு, சித்திரை வெயிலிலே கல்லடிப் பாலம் நோக்கி அக்கார் விரையும்போது, சூடேறிய முதிய ரயர் எச்சரிக்கையின்றி வெடிக்கலாம்.

ரயரின் வயதை அறிவதற்கு வழி எளிது. 2000 ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட ரயர்களின் பக்கச்சுவரிலே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திலே செய்யப்பட்டது. மூன்று இலக்கங்கள் மாத்திரம் இருந்தால் அந்த ரயர் 2000க்கு முற்பட்டது. அதிலே பயணஞ் செய்தல் கூடாது. ஐந்தாறு ஆண்டுகள் சென்ற ரயரை ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். பத்து ஆண்டு கடந்ததைப் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் மாற்றிவிடுதல் வேண்டும் என்பதே உற்பத்தியாளர் பலரின் அறிவுரை. பெட்டிக்குள் இருக்கும் மேலதிகச் சில்லுக்கும் இது பொருந்தும். காற்றின் அளவையும் ரயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்தல் வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் மிகுதியாக நெளிந்து சூடேறும். சூடே வெடிப்புக்குத் தாய்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள ஊர்களிலே உப்புக்காற்றையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். குரோம் பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே உப்பு ஈரம் புகுந்து, அடியிலுள்ள இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். கம்பி ஆரச் சில்லுக்கு இது பெருங்கேடு. மாட்டுவண்டியிலே கீழுள்ள மர ஆரக்கால் பாரத்தைத் தூணைப்போலத் தாங்குகிறது. கம்பி ஆரமோ தூணன்று. இழுத்துக் கட்டிய கயிறு போன்றது. குடம் மேலுள்ள கம்பிகளிலே தொங்குகிறது எனலாம். துருவினால் இரண்டொரு கம்பிகள் அறுந்தால் ஏனையவற்றின்மேல் பாரம் கூடி, முழுச்சில்லும் கோணிவிடும். ஆகவே கரையோரத்திலே ஓடும் காருக்கு நன்கு நிறம் பூசிய இரும்புச் சில்லே சிக்கனமும் உறுதியும் உடையது. கடற்கரைக்குச் சென்று வந்தால் நன்னீரால் சில்லின் உட்புறத்தையும் கழுவுதல் வேண்டும். வெள்ளைப் பட்டையைச் சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு துடைத்தாற் போதும். பெற்றோலைத் தொட்டு அழுக்கெடுக்கும் வழக்கம் தீது. பெற்றோல் இறப்பரை ஊதச்செய்து கெடுக்கும்.

இங்ஙனம் நோக்கும்போது தெரிவின் ஒழுங்கு தெளிவாகிறது. முதலில் ஆணி வட்டம். பின்னர் ஆணியும் நட்டும். அதன்பின் அகலமும் விட்டமும். பின்பு ரயரின் வகையும் வயதும். எல்லாவற்றுக்கும் இறுதியிலே நிறம். கடையிலே சில்லு வாங்கப் போகும்போது, பழைய சில்லு ஒன்றைக் கழற்றி எடுத்துச் சென்று அருகருகே வைத்து அளந்து பார்த்தல் நன்று. வாங்கிய சில்லைப் பூட்டி ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் நட்டுக்களை மறுபடி இறுக்கிப் பார்த்தலும் நன்று. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

வெள்ளைப் பட்டை தெருவில் நிற்போர் அனைவர் கண்ணிலும் படும். ஆணியின் வட்டமும் ரயரின் வயதும் எவர் கண்ணிலும் படமாட்டா. காரிலே ஏறி அமர்ந்தவர்களின் உயிரைத் தாங்குவன, கண்ணிற் படாத அவைதாம்.